காலக்கெடுவும் கடந்தகால நினைவும்
ஒலிச் செருகுநிரல்களின் அமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

கலையாக்கத்தின் உற்பத்திச் சாதனங்கள் பற்றிய ஆய்வு நம்மிடையே இன்னும் போதிய அளவு வளர்ச்சியடையவில்லை. அச்சியந்திரத்தின் வருகை உரைநடையிலும் நாவலிலும் விளைவித்த மாற்றங்களைப் பற்றி நாம் ஓரளவு எழுதியுள்ளோம். இசையைப் பொறுத்தவரை நமது கவனம் பாடலின் பொருளோடும் பாடுவோரின் சமூகப் பின்னணியோடும் நின்றுவிடுகின்றது. ஒலி எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதனை ஆக்கும் கருவி யாருடையது, அக்கருவியின் உள்ளமைப்பு எத்தகையது என்னும் வினாக்கள் பொறியியலாளருக்குரியனவென ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. வால்ரர் பெஞ்சமின் 1934இல் 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்ற உரையில் வற்புறுத்திய கருத்தொன்று இவ்விடத்து மனங்கொளத்தக்கது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகள் பற்றி என்ன கூறுகின்றது என்று மட்டும் கேட்டாற் போதாது. அவ்வுறவுகளினுள் அது எவ்விடத்தில் நிற்கின்றது என்றும் கேட்டல் வேண்டும் என்பதே அக்கருத்தாகும்.

இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தின் உழைப்புச் சாதனங்களில் மிகப் பெரும்பகுதி கணனி நிரல்களாக மாறிவிட்டது. ஒலியைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, கலக்கும் பெரிய நிரலொன்று இருக்கும். அதனை இக்கட்டுரையில் தாய்நிரல் என்போம். அதனுள் இணைத்து இயக்கப்படும் சிறு நிரல்களே செருகுநிரல்கள். தொழிலில் ஈடுபட்டோர் 'பிளகின்' என்றே வழங்குவர். முன்னர் தனித்தனிப் பெட்டிகளாக இருந்த ஒலிவடிகட்டி, எதிரொலிக் கருவி, கொம்பிரசர், மின்னொலி இசைக்கருவி ஆகியன யாவும் இன்று இவ்வடிவில் உள்ளன.

இச்செருகுநிரல்களின் அமைப்பில் இரு பிரச்சினைகள் அடிப்படையானவை. ஒன்று, நிகழ்நேரத்தில் இயங்கவேண்டிய கட்டாயம். மற்றையது, உள்நிலை; அஃதாவது கடந்துபோன ஒலியையும் முன்னர் செய்யப்பட்ட அமைப்புக்களையும் நிரல் தன்னுள் நினைவாகக் கொண்டிருத்தல். இவ்விரண்டையும் விளக்குவதும், இவற்றில் எவை ஒலியின் இயல்பிலிருந்து எழும் தேவைகள், எவை சொத்துறவுகளிலிருந்து எழும் கட்டுப்பாடுகள் என வேறுபடுத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவோர் இருவகைத் தவறுகளுள் ஒன்றில் விழுகின்றனர். தொழில்நுட்பத்தில் உள்ள யாவும் இயற்கையின் விதி என்று கொள்வது ஒன்று. தொழில்நுட்பத்தில் உள்ள தடை யாவும் முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று கொள்வது மற்றொன்று. பின்னது மார்க்சியத்தின் பெயரால் நிகழ்வதாயினும் கொச்சைப் பொருள்முதல்வாதமேயன்றி வேறன்று.

1. வரலாற்றுப் பின்னணி

கணனியில் ஒலியை ஆக்கும் முயற்சி நிகழ்நேரத்தில் தொடங்கவில்லை. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்யூஸ் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 கணனியில் 17 செக்கன் நீளமான சிறு இசைத்துணுக்கொன்றை ஆக்கிற்று. ஒலியைக் கணிப்பதற்கு எடுத்த நேரம் ஒலி கேட்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு நீண்டதாயிருந்தது. கணிப்பு முடிந்தபின் நாடாவில் எழுதப்பட்ட எண்கள் ஒலியாக மாற்றப்பட்டன. இசையாளன் தன் கட்டளையை இடும் கணத்துக்கும் அதன் பயனைக் கேட்கும் கணத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது. வாசித்தல் என்னும் செயல் அங்கு இல்லை. எழுதுதல் மட்டுமே இருந்தது.

இவ்விடைவெளியை ஒழிப்பதற்குத் தனிவகை இயந்திரங்கள் தேவைப்பட்டன. பாரிஸ் நகரின் இர்க்காம் நிறுவனத்தில் ஜியுசெப்பே டி ஜியுனோ வடிவமைத்த 4எக்ஸ் என்னும் இயந்திரம் அத்தகையது. பியர் பூலேயின் 'றெப்போன்' என்ற ஆக்கத்தில், மேடையில் வாசிக்கப்படும் ஒலியை அவ்வேளையிலேயே மாற்றியமைப்பதற்கு அது பயன்பட்டது. அத்தகைய இயந்திரம் அரச ஆதரவு பெற்ற நிறுவனத்துக்கே கைகூடுவதாயிருந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் வணிக ஒலிப்பதிவுக் கூடங்களும் கணனிக்குள் பொருத்தப்பட்ட சிறப்புச் சுற்றட்டைகளையே நம்பியிருந்தன.

1996இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 'கியூபேஸ்' நிரலின் புதிய பதிப்போடு வீ.எஸ்.ரி. என்னும் செருகுநிரல் முறையை வெளியிட்டது. சாதாரண மேசைக் கணனியின் முறைவழியாக்கியே ஒலிவேலைகளைச் செய்தது. செருகுநிரலும் தாய்நிரலும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தின் விவரங்களை அந்நிறுவனம் மறுவருடம் வெளியாருக்கும் வழங்கிற்று. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பு இசைக்கருவிகளையும் செருகுநிரல்களாக இயங்கச்செய்தது. இதனால் கூடத்தின் மூலதனத் தேவை குறைந்தது. சிறு உற்பத்தியாளர் பலர் தோன்றினர். வீட்டறையில் இருந்து இசையாக்குதல் ஒரு பரந்த சமூக நடைமுறையாயிற்று. ஆனால் முன்னர் தனிவகை இயந்திரங்கள் நிறைவேற்றிய கடமை இப்போது, வேறு நூறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பொதுக் கணனியின் தலையில் விழுந்தது. நாம் அடுத்து நோக்கவிருக்கும் தொழில்நுட்ப முரண்பாடு இங்குதான் பிறக்கின்றது.

2. காலக்கெடுவின் இயல்பு

எண்முறை ஒலி என்பது காற்றழுத்த மாறுதலைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து பெற்ற எண்களின் வரிசையாகும். இவ்வெண் ஒவ்வொன்றும் மாதிரி எனப்படும். இசைத்தட்டின் நியமம் செக்கனுக்கு 44,100 மாதிரிகள். திரைப்படத்திலும் காணொளியிலும் 48,000 மாதிரிகள் வழக்கம். இந்த எண்கள் எவரது விருப்பத்தினாலும் மட்டும் அமைந்தனவல்ல. ஒரு மீடிறனைச் சரிவரப் பதிவதற்கு அதன் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளத்தல் வேண்டும். மனிதச் செவியின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். எனவே 40,000க்கு மேற்பட்ட ஒரு வேகம் தேவையாகின்றது. அதற்கு மேல் 44,100 என்ற குறித்த எண் நிலைபெற்றதற்குத் தொழிற்றுறை வரலாறு காரணம். 40,000க்கு மேலாக இருந்தே தீரவேண்டும் என்பதற்குச் செவியே காரணம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே நிரலை அழைப்பது வீண்செலவாகும். ஆகவே ஒலிவன்பொருள் மாதிரிகளைக் கட்டுக்கட்டாகக் கேட்கின்றது. ஒரு கட்டில் 128 மாதிரிகள் இருப்பின், 48,000 வேகத்தில் அதன் கால அளவு ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன். ஒரு கட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கையில் அடுத்த கட்டு ஆயத்தமாதல் வேண்டும். பாடலில் உள்ள அனைத்துச் செருகுநிரல்களும் தத்தம் வேலையை இந்த 2.7 மில்லிசெக்கனுக்குள் முடித்தாக வேண்டும். முடியாவிடின் வன்பொருள் காத்திருக்காது. வெறுமையோ பழைய கட்டோ ஒலியாகச் செல்லும். கேட்பவர் செவியில் அது ஒரு வெடிப்பாக விழும்.

இதனால் நிகழ்நேரம் என்பது வேகத்தைக் குறிப்பதன்று. இது பெரிதும் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் ஒரு கருத்தாகும். மேற்கூறிய அளவின்படி செக்கனுக்கு 375 அழைப்புக்கள் நிகழும். நான்கு நிமிடப் பாடலொன்றில் 90,000 அழைப்புக்கள். அவற்றுள் 89,999 அழைப்புக்கள் கெடுவின் பாதி நேரத்தில் முடிந்து, ஒன்று மட்டும் கெடுவைத் தாண்டினால், சராசரி கணக்கில் நிரல் மிக விரைவானதே. ஆயினும் பாடல் பழுதுபட்டுவிடும். அலுவலகக் கணக்கிலும் பதிப்பகத்திலும் சராசரி போதுமானது. நிகழ்நேர ஒலியில் மிக மோசமான ஒரு தடவை எவ்வாறு அமையும் என்பதே அளவுகோலாகும்.

கட்டினைப் பெரிதாக்கினால் கெடு நீளுமே என ஒருவர் வினவலாம். நீளும். 1024 மாதிரிகள் கொண்ட கட்டு 21 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட அவகாசம் தரும். ஆனால் விசையை அழுத்தியவர் ஒலியைக் கேட்பதும் அந்த அளவு பிந்தும். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், 10 மில்லிசெக்கன் தாமதம் என்பது ஒலிபெருக்கியை மூன்றரை மீற்றர் தள்ளிவைத்து வாசிப்பதற்குச் சமம். 21 மில்லிசெக்கனில் அது ஏழு மீற்றருக்கு மேலாகிவிடும். தாளத்தோடு வாசிப்பவர் இடர்ப்படுவர்.

இவ்விடத்தில் சமூகக் காரணி உட்புகுகின்றது. சிறிய கட்டில் வெடிப்பின்றி வேலைசெய்ய வலிமையான கணனி வேண்டும். பழைய கணனி வைத்திருப்போர் பெரிய கட்டோடு பிந்திய ஒலியைக் கேட்டு வாசிக்கின்றனர். கெடுவின் இருப்பு இயற்கைத் தேவை. அதனை எளிதில் நிறைவேற்றும் ஆற்றல் பணத்தால் வாங்கப்படுவது. ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் ஆலை மணிக்கூட்டின் காலஒழுங்கு எவ்வாறு தொழிலாளர் மீது சுமத்தப்பட்டது என்பதை விளக்கினார். அதனை இங்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையாகும். ஆலை மணிக்கூட்டை மனிதர் மாற்றியமைக்கலாம். செவியின் எல்லையை அவ்வாறு மாற்றவியலாது.

3. காத்திருத்தல் என்னும் குற்றம்

காலக்கெடுவைக் காக்கவேண்டிய பகுதியில் நிரலாளர் செய்யக்கூடாதவை சில உள. புதிதாக நினைவகம் கேட்டல், வன்தட்டிலிருந்து கோப்பு வாசித்தல், வலையமைப்போடு தொடர்புகொள்ளல், பூட்டொன்று திறக்கும்வரை காத்திருத்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவை எப்போதும் மெதுவானவை என்பது தடைக்குக் காரணமன்று. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டிக் கூறவியலாதவை என்பதே காரணம். நினைவகம் கேட்கும் கட்டளை பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய பொழுதில் முடிந்துவிடும். ஆயின் பொதுப் பயன்பாட்டுக்குரிய இயக்குதளம் 'இத்தனை நேரத்துள் தருவேன்' என்று உறுதியளிப்பதில்லை.

பூட்டுப் பற்றிய பிரச்சினை சிறிது விரித்துரைக்கத்தக்கது. செருகுநிரலில் குறைந்தது இரு இழைகள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்று ஒலியிழை, கெடுவுக்குக் கட்டுப்பட்டது. மற்றையது திரையில் குமிழ்களையும் வரைபுகளையும் காட்டி, பயனாளரின் கையசைவை ஏற்கும் காட்சியிழை. அதற்குக் கெடு இல்லை. இரண்டும் ஒரே தரவைத் தொடவேண்டியிருக்கும். ஒன்று எழுதும்போது மற்றது வாசித்தால் தரவு குழம்பும். சாதாரண நிரலாக்கத்தில் இதற்குத் தீர்வு பூட்டு: ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் காத்திருப்பார். ஒலியிழை காத்திருக்கத் தொடங்கினால், முன்னுரிமை குறைந்த காட்சியிழை தன் வேலையை முடிக்கும்வரை உயர்ந்த முன்னுரிமை கொண்டது முடங்கிக் கிடக்கும். இடையே நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறொரு வேலை வந்து காட்சியிழையையும் தள்ளிவைத்துவிட்டால் முடக்கம் மேலும் நீளும்.

இது முன்னுரிமைத் தலைகீழாக்கம் எனப்படும். இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இசைத்துறைக்கு வெளியே உள்ளது. 1997 யூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணனி திரும்பத்திரும்பத் தன்னை மீளத் தொடங்கிக்கொண்டது. வானிலைத் தரவைச் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒரு பூட்டை வைத்திருக்க, அதே பூட்டுக்காக உயர் முன்னுரிமை வேலை காத்திருக்க, இடைநிலை வேலை குறுக்கிட்டமையே காரணமென்று கண்டறியப்பட்டது. பூமியிலிருந்து அனுப்பிய மாற்றத்தின் மூலம் அது சீராக்கப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் விளைவு ஒரு வெடிப்பொலி மாத்திரமே. ஆனால் தர்க்கம் ஒன்றே.

செருகுநிரல் அமைப்போர் இதனால் பூட்டற்ற வழிகளைக் கையாளுகின்றனர். காட்சியிழை தன் செய்தியை முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட ஒரு வட்டவரிசையில் இட்டுச் செல்லும். ஒலியிழை தனக்கு வாய்ப்பான கணத்தில் எடுத்துக்கொள்ளும். செய்தி இல்லையேல் பழைய மதிப்போடு தொடரும். ஒருவரும் ஒருவருக்காகக் காத்திருப்பதில்லை.

4. உள்நிலை: நிகழ்கணத்தினுள் கடந்தகாலம்

காலக்கெடு பற்றிய மேற்கண்ட விளக்கம் செருகுநிரலை வெறும் விரைவுக் கணிப்பானாகக் காட்டக்கூடும். அது முழு உண்மையன்று. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எளிய செருகுநிரலை நோக்குவோம். ஒவ்வொரு மாதிரியையும் ஓர் எண்ணால் பெருக்கினாற் போதும். முந்திய மாதிரி யாதென அது அறியவேண்டியதில்லை. இத்தகையது உள்நிலை அற்றது. ஆனால் இசையில் பயன்படும் கருவிகளில் மிகப் பல இவ்வகையின அல்ல.

எளிய ஒலிவடிகட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அது புதிய உள்ளீட்டின் பத்திலொரு பங்கையும் தனது முந்திய வெளியீட்டின் பத்தில் ஒன்பது பங்கையும் கூட்டிப் புதிய வெளியீடாகத் தருகின்றது எனக் கொள்வோம். விரைந்த மாற்றங்கள் இதில் மழுங்கும்; மெதுவான மாற்றங்கள் கடந்துசெல்லும். உயர்மீடிறன்கள் குறைவதற்கு இவ்வளவே போதும். இங்கு முந்திய வெளியீட்டினுள் அதற்கு முந்தியதன் பங்கு உண்டு. அதனுள் அதற்கும் முந்தியதன் பங்கு உண்டு. நினைவில் வைத்திருப்பது ஒரேயோர் எண். அவ்வெண்ணினுள் அடங்கியிருப்பதோ அதுவரை நிகழ்ந்த முழு வரலாறு. அரைச் செக்கன் எதிரொலிக்கோ 24,000 மாதிரிகளை அப்படியே சேமித்து வைத்தல் வேண்டும். பெரிய மண்டபமொன்றின் எதிர்முழக்கத்தைப் போலச் செய்யும் செருகுநிரல் பல செக்கன்களின் ஒலியைத் தன்னுள் சுழலவிடுகின்றது.

இதனால் விளையும் முக்கியமான ஒரு பண்பு உண்டு. ஒரே உள்ளீடு இரு வேளைகளில் இரு வேறு வெளியீடுகளைத் தரலாம். பாடலின் மூன்றாம் அடியிலிருந்து ஒலிக்கத் தொடங்கினால், முதலிரு அடிகளின் முழக்கம் செருகுநிரலின் நினைவில் இராது. தொடக்கத்திலிருந்து கேட்டு மூன்றாம் அடிக்கு வந்தால் அது இருக்கும். மூன்றாம் அடியை மட்டும் தனியே எடுத்து 'இதுவே அதன் ஒலி' என்று கூறவியலாது. பொருளை அதன் வளர்ச்சிப் போக்கினின்றும் பிரித்து நோக்கலாகாது என்ற இயக்கவியல் நோக்கு, இங்கு தத்துவ வற்புறுத்தலாக அன்றி அன்றாடத் தொழில் அனுபவமாகவே எதிர்ப்படுகின்றது. இதன்பொருட்டே செருகுநிரல் இடைமுகங்கள் உள்நிலையை வெறுமையாக்கும் கட்டளையைக் கொண்டிருக்கின்றன. எக்கணத்தில் மறக்கவேண்டும் என்பதைத் தாய்நிரல் கூறாவிடின், நிறுத்தப்பட்ட பாடலின் எச்சவொலி அடுத்த தடவை தொடங்கும்போது பேய்போல் வந்து கேட்கும்.

உள்நிலையும் காலக்கெடுவும் மோதும் இடங்களும் உண்டு. அவற்றுள் வியப்பான ஒன்று, அமைதியின்போது நிகழ்வது. மேற்கூறிய வடிகட்டிக்கு ஒலி நின்று சுழியம் வரத்தொடங்கினால் அதன் வெளியீடு 0.9, 0.81, 0.729 எனத் தேய்ந்து செல்லும்; கணிதப்படி ஒருபோதும் சுழியத்தை அடையாது. ஏறத்தாழ 830 மாதிரிகளுக்குப் பின், அஃதாவது 17 மில்லிசெக்கனளவில், 32 பிட் எண்முறை இயல்பாகக் குறிக்கக்கூடிய மிகச் சிறிய எண்ணுக்கும் கீழே அது இறங்கிவிடும். அத்தகைய நுண்ணெண்களைக் கையாள்வதற்குச் சில முறைவழியாக்கிகள் வழமையைவிடப் பன்மடங்கு நேரம் எடுக்கின்றன. ஒலியே கேட்காத வேளையில் கணனி திணறத் தொடங்கும். இந்த நுண்ணெண்களை முறைவழியாக்கியே சுழியமாகக் கொள்ளும்படி பணிப்பது வழக்கமான பரிகாரம்.

5. எதிர்காலத்தைக் கேட்டல், காலத்தைக் கடத்தல்

வேறும் இரு நிலைமைகள் விளக்கத்தக்கவை. ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிற்றர் கருவி, உச்சம் வருமுன்னரே அடக்கத் தொடங்கினால் ஒலி சிதையாது. ஆனால் வராத ஒலியை அறிதல் எவ்வாறு? அது ஒலியை 5 மில்லிசெக்கன், அஃதாவது 240 மாதிரிகள், தன்னுள் நிறுத்திவைக்கின்றது. பின்னர் வந்ததைக் கேட்டு முன்னர் வந்ததைத் திருத்துகின்றது. எதிர்காலத்தை அறிதல் என்பது இங்கு நிகழ்காலத்தைப் பிற்போடுதலேயாகும். இத்தாமதத்தைச் செருகுநிரல் நேர்மையாக அறிவித்தல் வேண்டும். தாய்நிரல் ஏனைய தடங்களையும் அதே 240 மாதிரிகள் பிற்படுத்தி ஒழுங்குசெய்யும். அறிவிப்புப் பொய்யானால் மிருதங்கத்தின் அடியும் பாட்டின் சொல்லும் ஒன்றுக்கொன்று விலகிவிடும்.

மற்றையது, முடிந்த பாடலைக் கோப்பாக எழுதும் கட்டம். அப்போது ஒலிபெருக்கி காத்திருப்பதில்லை, காலக்கெடுவும் இல்லை. நான்கு நிமிடப் பாடல் அரை நிமிடத்தில் எழுதப்படலாம். கட்டுக்களின் அளவும் மாறலாம். அவ்வாறாயினும் விளைவு கேட்ட ஒலியோடு ஒத்திருத்தல் வேண்டும். குமிழின் அசைவைக் கட்டுக்கு ஒருமுறை மட்டும் கவனிக்கும் செருகுநிரல், 64 மாதிரிக் கட்டில் ஒருவகையாகவும் 1024 மாதிரிக் கட்டில் வேறுவகையாகவும் ஒலிக்கும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்கும் செருகுநிரல் இங்கு முற்றாக வழிதவறும். நல்ல செருகுநிரல் தான் கடந்த மாதிரிகளை எண்ணியே காலத்தை அறிகின்றது. அதன் காலம் உலகின் காலமன்று. இசையின் உள்ளான காலமாகும்.

6. பேணப்படும் நிலையும் சொத்துறவும்

இதுவரை நோக்கியவை பெரும்பாலும் ஒலியின் இயல்பிலிருந்தும் செவியின் எல்லையிலிருந்தும் பொதுக் கணனியின் அமைப்பிலிருந்தும் எழுந்தவை. எந்தச் சமூக அமைப்பிலும் வடிகட்டி தன் முந்திய வெளியீட்டை நினைவிற்கொள்ளவே வேண்டும். ஆயின் உள்நிலைக்கு மற்றொரு பரிமாணம் உண்டு. இசையாளர் ஒருவர் பல மணிநேரம் குமிழ்களைத் திருகி, கேட்டு, மீண்டும் திருகி அடைந்த அமைப்பு, கணனியை அணைத்தபின்னும் நிலைத்திருத்தல் வேண்டும். தாய்நிரல் பாடற்கோப்பைச் சேமிக்கும்போது ஒவ்வொரு செருகுநிரலிடமும் அதன் நிலையைக் கேட்கின்றது. செருகுநிரல் ஒரு பொதியைக் கொடுக்கின்றது. மறுமுறை திறக்கும்போது தாய்நிரல் அப்பொதியைத் திருப்பிக் கொடுக்கின்றது.

இப்பொதியின் தன்மை கவனிக்கத்தக்கது. பெரும்பாலான முறைகளில் அதன் உள்ளடக்கம் தாய்நிரலுக்கு விளங்குவதில்லை. முத்திரையிட்ட உறைபோல் அதைக் காத்துவைத்து ஒப்படைப்பதே தாய்நிரலின் பணி. அதனைத் திறந்து பொருள்கொள்ளவல்லது அச்செருகுநிரல் மட்டுமே. மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இறந்த உழைப்பு எனக் குறித்தது இங்கு மிகத் துல்லியமான வடிவில் காணப்படுகின்றது. பொதியில் உறைந்திருப்பது இசையாளரின் உழைப்பு. அதனை மீண்டும் உயிர்ப்பிக்கும் திறவுகோலோ கருவியின் உடைமையாளரிடம் உள்ளது. தன் உழைப்பின் பயன் தனக்கு அந்நியமாக நிற்பதை, தன் பழைய பாடற்கோப்பைத் திறக்க முடியாத ஒவ்வோர் இசையாளரும் அனுபவிக்கின்றார்.

இது வெறும் கற்பிதமன்று. 2019இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட கற்றலினா இயக்குதளம் 32 பிட் நிரல்களை இயக்க மறுத்தது. புதுப்பிக்கப்படாத பழைய செருகுநிரல்கள் அத்தளத்தில் இயங்காதொழிந்தன. அவற்றின் பொதிகள் கோப்புக்களினுள் வாசிக்கவியலாத எண்களாக எஞ்சின. 2005 முதல் யமஹாவின் உடைமையாகவுள்ள ஸ்ரைன்பேர்க், 2008இல் வீ.எஸ்.ரி. மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. 2018இல் இரண்டாம் பதிப்புக்கான புதிய உரிமங்களை வழங்குவதை நிறுத்திற்று. உலகெங்கும் பல்லாயிரம் பாடற்கோப்புக்கள் தங்கியிருந்த ஒரு பொது நடைமுறை, ஒரு நிறுவனத்தின் முடிவினால் புதிய உற்பத்தியாளருக்கு மூடப்பட்டது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் செருகுநிரல்களை நிரந்தரமாக விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. பயனாளரின் பரவலான எதிர்ப்பையடுத்துச் சில நாட்களிலேயே நிரந்தர உரிமங்கள் மீண்டும் விற்பனைக்கு வந்தன. சந்தா முறையின் கீழ், பணம் செலுத்துவதை நிறுத்திய மாதத்தில் தன் பழைய படைப்பின் நிலையும் பூட்டப்பட்டுவிடும் என்பதை இசையாளர் உணர்ந்திருந்தமை அவ்வெதிர்ப்பின் வேகத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

எதிர்த்திசையிலும் இயக்கம் உண்டு. 2000ஆம் ஆண்டளவில் லினக்ஸ் சூழலில் லட்ஸ்பா என்னும் எளிய திறந்த இடைமுகம் தோன்றிற்று. அதன் வழிவந்த எல்வீ2 முறையில், சேமிக்கவேண்டிய நிலையைப் பெயரும் வகையும் குறிக்கப்பட்ட தனித்தனி மதிப்புக்களாக எழுதுவதற்கு ஏற்பாடு உள்ளது. வெளியாரும் வாசித்துப் பொருளறியத்தக்க வடிவில் நிலையைப் பேணல் தொழில்நுட்ப ரீதியில் இயலாததன்று என்பதற்கு இதுவே சான்று. 2022இல் பேர்லினைச் சேர்ந்த பிற்விக், யூ-ஹி ஆகிய நிறுவனங்கள் கிளாப் என்னும் இடைமுகத்தை எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய எம்.ஐ.ரி. உரிமத்தின்கீழ் வெளியிட்டன. 2025இல் ஸ்ரைன்பேர்க்கும் வீ.எஸ்.ரி. மூன்றாம் பதிப்பை அதே வகை உரிமத்துக்கு மாற்றிற்று.

இவ்வெற்றிகளை மிகைப்படுத்தலாகாது. இடைமுகம் திறந்திருப்பது ஒன்று. நிலை திறந்திருப்பது வேறொன்று. 2023இல் பிற்விக்கும் பிறிசோனஸும் வெளியிட்ட 'டோபுறொஜெக்ற்' என்னும் திறந்த கோப்பு வடிவம், ஒரு தாய்நிரலின் பாடலை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உதவுகின்றது. ஆயினும் அதனுள்ளும் செருகுநிரலின் நிலை அச்செருகுநிரலுக்கே விளங்கும் பொதியாகவே பயணம் செய்கின்றது. உறையைக் கொண்டுசெல்லும் வீதி பொதுவாகியுள்ளது. உறையின் முத்திரை உடையவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். நிகழ்நேரக் கெடுவும் ஒலியின் உள்நிலையும் செருகுநிரலின் இயற்கைத் தேவைகள். அவற்றை ஒழிக்கவியலாது, அறிந்து ஆளலாம். காத்திராமை, முன்கூட்டி ஒதுக்குதல், கடந்ததை அளவாக நினைத்தல், உரிய வேளையில் மறத்தல், தன் தாமதத்தை உண்மையாக அறிவித்தல் என்பன அவ்வாளுகையின் நெறிகள். பேணப்படும் நிலை மூடிய பொதியாக இருப்பதோ இயற்கைத் தேவையன்று. ஒலியின் விதி எதுவும் அதனை வேண்டவில்லை. நிரலாளருக்கு அது எளிது என்பது உண்மையே. தன் கருவியின் உள்ளமைப்பைத் தானே பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை அது தருகின்றது. அவ்வெளிமையின் விலையை இசையாளரும் வருங்கால ஆய்வாளரும் செலுத்துகின்றனர் என்பதே நாம் சுட்டவேண்டியது.

நடைமுறையில் இசையாளர் பலர், முடிந்த பாடலின் ஒவ்வொரு தடத்தையும் செருகுநிரல் வேலை முடிந்த வெற்றொலியாக எழுதிவைக்கின்றனர். இது நல்ல பழக்கம், எல்லோரும் கைக்கொள்ளவேண்டியது. ஆனால் இதனால் காக்கப்படுவது விளைபொருள் மட்டுமே. அதனை விளைவித்த செய்முறை மறைந்துவிடுகின்றது. கவிதையின் அச்சுப்படி மட்டும் எஞ்சி, கையெழுத்துப்படிகளும் திருத்தங்களும் அழிந்தால் இலக்கிய ஆய்வாளன் எதை இழக்கின்றானோ, அதனை நமது காலத்து இசை பற்றி நாளை ஆராயப்புகுவோர் இழப்பர். இசைக்காப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் பாடற்கோப்புக்களை ஏற்கும்போது, வாசிக்கக்கூடிய வடிவில் எழுதப்பட்ட நிலைவிவரங்களையும் உடன் கோருதல் வேண்டும். பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் செருகுநிரல்களைத் தெரிவுசெய்கையில் அவற்றின் நிலை எவ்வடிவில் பேணப்படுகின்றது என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஆயினும் உழைத்தவரின் நினைவு உழைத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்னும் பெரிய கோரிக்கையின் ஒரு சிறு பகுதி இவற்றிலும் அடங்கியுள்ளது.